இடப்பக்கம் திருகிய குமிழ்

மாஸ்டர் வீட்டு ஆம்ப்ளிஃபையரில் நான்கு குமிழ்கள் இருந்தன. மூன்றைப் பாட்டுக்குத் தக்கபடி யாரும் திருப்பிக்கொள்ளலாம். நாலாவதைத் தொடக்கூடாது. அது பேலன்ஸ் குமிழ். இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளில் எதற்கு எவ்வளவு சத்தம் போக வேண்டும் என்று பங்கு பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. நடுவில் நிற்பதுதான் முறை. மாஸ்டர் வீட்டிலோ அது இடப்பக்கமாக நன்றாகத் திருகி வைக்கப்பட்டிருக்கும். சோபாவில் உட்கார்ந்து கேட்டால் பாட்டு முழுவதும் இடது மூலையிலிருந்தே வரும். வலது மூலைப் பெட்டி, கூப்பிடாமல் வந்த விருந்தாளி மாதிரி, ஓரமாக முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

"வலதுகைப் பொட்டி போயிருச்சாட்ட இருக்குதுங்களே மாஸ்டர்" என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள்.

"ஓடுதுங்க" என்பார் மாஸ்டர். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிங்காநல்லூரில் அவர் வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். நான் பள்ளிக்கூட டீச்சர். என் கணவருக்கு ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை. கீழே மாஸ்டரும் அவர் மனைவியும். ஒரே மகன் பெங்களூரில். மாஸ்டர் என்றால் வாத்தியார் இல்லை, நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும்தான். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஸ்பின்னிங் மாஸ்டர்களுக்கு வாழ்நாளெல்லாம் ஒரே கவலை. நூல் சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்தால் துணியில் அது காட்டிக் கொடுத்துவிடும். மாஸ்டர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கவலை ஓய்வு பெறவில்லை. தோசை ஒரு ஓரம் தடித்திருந்தால் அந்த ஓரத்தைப் பிய்த்துத் தட்டில் தனியாக வைத்துவிடுவார். துணி காயப்போடும் கயிறு ஒரு பக்கம் தொய்ந்தால் சாப்பாட்டை விட்டு எழுந்துபோய் இழுத்துக் கட்டுவார். வெள்ளையடிக்க வந்தவர் ஒரே சுவரை மூன்று தடவை அடித்துவிட்டு, கூலியே வேண்டாம், ஆளை விட்டால் போதும் என்று என்னிடம் வந்து சொன்னார்.

நாங்கள் குடிவந்த அன்றே மாஸ்டர் மாடிக்கு வந்தார். பால் காய்ச்சியாகிவிட்டதா என்று கேட்டார். பிறகு எங்கள் கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், அந்தக் கட்டலு ஒரு காலு தூக்கலா நிக்குதுங்களே."

கீழே போய் ஒரு அட்டையை மடித்துக்கொண்டு வந்து காலுக்கு அடியில் செருகிவிட்டுப் போனார். கல்யாணம் ஆனதிலிருந்து அந்தக் கட்டிலில்தான் நாங்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு படுக்கும் முன் அந்தக் காலைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வந்ததில்லை. தீபாவளிக்கு நான் ஆசையாக எடுத்த கைத்தறிப் புடவையின் முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பாவு பரவாயில்லைங்க, ஊடை நூலுதான் சீரில்லை" என்றார் ஒரு முறை. நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்டவர் வீட்டில், அவர் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஸ்டீரியோவில், ஒரு குமிழ் கோணலாக நிற்கிறது. என் கணவருக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரம் பார்த்து, அதை நடுவுக்குத் திருப்பிவிட்டார். பாட்டு கூடம் முழுக்க நிரம்பியது. இதுநாள் வரை எங்கிருந்தது என்றே தெரியாத வயலின் எல்லாம் வலது மூலையிலிருந்து எழுந்து வந்தது.

மாஸ்டர் டம்ளரோடு வந்து நின்றார். கோபிக்கவில்லை. டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, குமிழை மெதுவாகப் பழைய இடத்துக்கே திருப்பினார். திருப்பும்போது அவர் பெட்டிகளைப் பார்க்கவில்லை, சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"அம்மிணி, இப்ப எப்படி?"

"சரியா இருக்குதுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அப்போதுதான் எங்களுக்கு விளக்கினார். "இது நாம கேக்கறதுக்கு வெச்சதில்லைங்க. அவ சமையக்கட்டு வாசப்படிக்கு உள்ளார முக்காலி போட்டு உக்காந்துக்குவா. இங்க வந்து உக்காருன்னா கேக்க மாட்டா. வலதுகைப் பொட்டி அவ காதுக்குப் பக்கம். இடதுகைப் பொட்டி அவளுக்குத் தூரம். நடுவுல வெச்சா அவளுக்கு ஒண்ணுதான் கேக்கும். அதனால தூரத்துல இருக்கறதுக்குச் சத்தத்தை எச்சாக் குடுத்திருக்கறேன். அவ எடத்துல ரெண்டும் சமமாப் போயிச் சேந்துரும்."

"அப்ப உங்களுக்குங்க?" என்றார் என் கணவர்.

"எனக்குப் பழகிப்போச்சுங்க."

மாடிப்படி ஏறும்போது நான் என் கணவரிடம் கேட்டேன், "ஏனுங்க, நீங்க எனக்குன்னு என்னத்தத் திருப்பி வெச்சிருக்கறீங்க?"

"உன்ற கட்டலுக்கு அட்டை வெச்சவரும் அவருதான்" என்றார் அவர். "நான் என்ன பண்ணட்டும்?"

அந்த அம்மா எப்போதும் அந்த முக்காலியில்தான் இருப்பார். அங்கிருந்து அடுப்பில் இருக்கும் பாலும் தெரியும், கொல்லைக் கதவும் தெரியும். முறத்தில் அரிசியோ மடியில் அவரைக்காயோ இருக்கும். நான் போனால் எழுந்து வந்து என்னைச் சோபாவில் உட்காரவைத்துவிட்டு மறுபடி முக்காலிக்கே போய்விடுவார். வந்தவர்களை வாசப்படியில் உட்காரவிடுவது மரியாதை இல்லை. அதனால் அவர் இடத்தில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. சொல்லப்போனால் யாருமே உட்கார்ந்ததில்லை.

அவர் வாயில் எப்போதும் இருந்தது அந்த ஒரு பதில்தான். மாஸ்டர் எடுத்து வரும் புடவை நிறம் பிடித்திருக்கிறதா என்றால், சரியா இருக்குதுங்க. மூட்டுவலி எப்படி என்றால், சரியா இருக்குதுங்க. எங்கள் வெள்ளகோவில் பக்கத்திலும் இதே கதைதான். என் அம்மா என் அப்பாவிடம் எதையாவது மறுத்துச் சொல்ல வேண்டும் என்றாலும் முதலில் "சரிங்க" என்றுதான் ஆரம்பிப்பார். பல சமயம் அந்த ஆரம்பத்தோடு நின்றுவிடும்.

அந்த ஸ்டீரியோவை மாஸ்டர் ஒரே நாளில் வாங்கவில்லை. மில்லில் இருந்த காலத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. ஆம்ப்ளிஃபையர் டவுன்ஹால் பக்கம் ஒருவர் கையால் பூட்டிக் கொடுத்தது. இடுப்பு உயரப் பெட்டிகள் இரண்டையும் மில்லுக்கு வரும் தச்சர் செய்து கொடுத்தார். ரிக்கார்டு பிளேயர், டேப் டெக், சிவப்பு விளக்குகள் ஏறி இறங்கும் ஈக்வலைசர் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மனைவிக்குப் பிடித்த பாட்டுகளைக் காந்திபுரத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து கேசட்டில் பதிவுசெய்து வருவார். இரண்டு பாட்டுக்கு நடுவே விடும் இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லையென்றால் கேசட்டைத் திருப்பிக்கொண்டு போய்க் கொடுத்துவிடுவார். அந்தக் கடைக்காரர் இவரைத் தூரத்தில் பார்த்ததுமே டீ குடிக்கப் போய்விடுவாராம். மாஸ்டரே இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

நாங்கள் குடிவந்த அடுத்த வருடம் மகன் ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கி அனுப்பினான். சமையலறையில் இடம் இல்லை. கூடத்தில், சமையலறை வாசப்படிக்குப் பக்கத்தில் பிளக் இருந்ததால் அங்கேயே நிறுத்தினார்கள். மாஸ்டர் அதன் தலையில் தண்ணீர் டம்ளர் வைத்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு பாட்டு வைத்தார்.

"அம்மிணி, இப்பவும் பாட்டு பழையபடி கேக்குதா?"

"சரியா இருக்குதுங்க."

அந்த அம்மா ஒரு ஐப்பசி மாதத்தில் இறந்துபோனார். காலையில் நெஞ்சு கொஞ்சம் பிடித்தாற்போல் இருக்கிறது என்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று மாஸ்டர் கேட்டதற்கு, "இப்பச் சரியாப் போச்சுங்க" என்றாராம். மத்தியானம் சோறு வடிக்கும்போது விழுந்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. எனக்கு அழுகை வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. மாஸ்டருக்கும் வரவில்லை. வந்தவர்கள் அதை ஒரு குறையாகவே பேசிவிட்டுப் போனார்கள்.

காரியமெல்லாம் முடிந்து மகன் பெங்களூருக்குத் திரும்பிய பிறகு, நான் கொண்டுபோன சாப்பாட்டுக் கேரியரை வாங்கி வைத்துக்கொண்டு மாஸ்டர் சொன்னார்.

"நகை நட்டுன்னு அவளுக்கு நான் ஒண்ணும் பெருசாச் செஞ்சுபோடலீங்க டீச்சர். நாலு ஊரு கூட்டிட்டுப் போகல. மில்லு மில்லுன்னே காலம் போயிருச்சு. இந்தப் பாட்டை மட்டும் அவளுக்குச் சீராக் கேக்க வெச்சேன். அது ஒண்ணுதானுங்க."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. "ஆமாங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து மாஸ்டர் வீட்டைச் சுருக்கினார். பெங்களூருக்கு வரச்சொன்ன மகனிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். கீழ்ப்பகுதியை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, கொல்லைப்பக்கம் இருந்த ஒற்றை அறைக்குத் தான் போய்விடுவது என்று முடிவு. "ஒருத்தனுக்கு இத்தாச்சோடு பெரிய ஊடு என்னத்துக்குங்க? கூட்டறதுக்கே பொழுது போயிருது" என்றார். அந்த அறையில் ஒரு கட்டில் போட்டால் மிச்சம் ஆள் நிற்கத்தான் இடம். இடுப்பு உயரப் பெட்டிகளுக்கு அங்கே வழியே இல்லை.

ஸ்டீரியோவையும் வந்தபடியே ஒவ்வொன்றாக அனுப்பினார். முதலில் ரிக்கார்டு பிளேயர் போனது. மதுக்கரையில் ஒரு பழைய மில் சிநேகிதர் ரிக்கார்டுகளோடு சேர்த்து எடுத்துப்போனார். ஈக்வலைசரை என் கணவரிடம் கொடுத்தார். அதை மாட்ட எங்களிடம் ஒரு ரேடியோகூடக் கிடையாது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அது இன்னும் எங்கள் பரணில்தான் கிடக்கிறது. மாஸ்டர் எதற்கும் முகம் மாறவில்லை. தூசி துடைத்து, ஒயரைச் சுருட்டி நூலால் கட்டி, எடுத்துப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

மிச்சம் இருந்ததை வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தார். குமிழ் இருந்த இடத்திலேயே இருந்தது. முக்காலியையும் யாரும் நகர்த்தவில்லை. ஆளில்லாத இடத்துக்குப் பாட்டு போய்க்கொண்டிருப்பதை மாடிப்படியிலிருந்து நான் பார்ப்பேன். பார்த்தால் மனசு என்னவோ செய்யும் என்றுதான் எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படித்தான் இருந்தது அந்த வருடம் முழுக்க.

கடைசியில் ஆம்ப்ளிஃபையருக்கும் டெக்குக்கும் இரண்டு பெட்டிகளுக்கும் ஆள் கிடைத்தது. அவிநாசியில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டெம்போவோடு வந்தார். துணைக்கு இருக்கட்டும் என்று மாஸ்டர் என்னையும் கூப்பிட்டிருந்தார். என் கணவர் ஊரில் இல்லை.

வந்தவர் ஒரு கேசட்டைப் போட்டுப் பார்த்தார். எல்லாரையும் போல அவரும் முதலில் வலது பெட்டியைத்தான் சந்தேகப்பட்டார். பிறகு குமிழைப் பார்த்துவிட்டு நடுவுக்குத் திருப்பினார். கூடம் நிரம்பியது.

"என்னங்க மாஸ்டர், அருமையான பொட்டிங்க! இத்தன வருசமா ஒண்ண அமத்திப்போட்டே வெச்சிருந்தீங்களா?"

"அது இருக்கட்டுங்க. ஒரு பாட்டு மட்டும் பழையபடி வெச்சுக் கேட்டுட்டுக் குடுத்தர்றேன்" என்றார் மாஸ்டர். குமிழை இடப்பக்கம் திருப்பி வைத்தார். சோபாவுக்குத் திரும்பிப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. சமையலறை வாசப்படியைத் தாண்டி, முக்காலியில் போய் உட்கார்ந்தார்.

"அவ கேட்டாப்புல ஒருக்காக் கேட்டுர்றேனுங்க டீச்சர்."

பாட்டு ஓடியது. நான் கூடத்தில் நின்றிருந்தேன். மாஸ்டர் முதலில் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு தலையை மறுபக்கம் சாய்த்தார். முக்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஃப்ரிட்ஜ் அவருக்கும் கூடத்துக்கும் நடுவில் சுவர் மாதிரி நின்றது. நான் நின்ற இடத்திலிருந்து அவருடைய சாய்த்த தலையும் முழங்காலும் மட்டும்தான் தெரிந்தன.

"அந்த ஃப்ரிட்ஜ ஆப் பண்ணுங்க டீச்சர்."

ஆப் செய்தேன். மோட்டார் ஒரு தடவை உதறிவிட்டு நின்றது.

"சத்தத்தக் கொஞ்சம் எச்சு பண்ணுங்க."

செய்தேன். பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் ஆரம்பித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. மைக்செட்காரர் என்னைப் பார்த்தார். நான் சமையலறை வாசலுக்குப் போனேன்.

"சித்த இங்க உக்காருங்க டீச்சர்" என்று எழுந்து முக்காலியை எனக்கு விட்டார் மாஸ்டர்.

முதல்முறையாக அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். பக்கத்துப் பெட்டி அமர்த்தி வைத்திருந்ததால் கேட்கவே இல்லை. தூரத்துப் பெட்டியின் சத்தம் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் மோதி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பாட்டு என்று ஒன்று எங்கோ பக்கத்து வீட்டில் ஓடுவது போலத்தான் இருந்தது. வார்த்தை பிரியவில்லை. மோட்டார் வேறு ஓடிக்கொண்டிருந்திருந்தால் இதுவும் காதில் விழுந்திருக்காது. ஃப்ரிட்ஜ் வந்த நாளிலிருந்து அந்த அம்மா இங்கே உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டு கேட்டது எல்லாம் அந்த மோட்டார் சத்தத்தைத்தான்.

மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படிங்க?"

"சரியா இருக்குதுங்க மாஸ்டர்" என்றேன்.

அவர் ஃப்ரிட்ஜின் தலையில் கையை வைத்தார்.

"அவளும் இதையேதானுங்க சொன்னா" என்றார்.

மூன்று எட்டு வைத்து ஒரு தடவை வந்து உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தறிக்குப் போன நூலைக்கூடத் திரும்ப வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மனிதர், இதை மட்டும் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவரும் பாட்டைக் கோணலாகத்தான் கேட்டார். அந்த அம்மா கேட்கவே இல்லை. இரண்டு பேரும் இன்னொருவர் நன்றாகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்திருக்கிறார்கள்.

"எடுத்துக்கட்டுங்களா, இல்ல வேணாம்னு நெனைக்கறீங்களா?" என்று கூடத்திலிருந்து மைக்செட்காரர் குரல் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போங்க" என்றார் மாஸ்டர்.

பெட்டிகளைத் தூக்க டிரைவரும் கை கொடுத்தார். டெம்போவில் ஒரு பெட்டி நேராக நின்றது, இன்னொன்று ஒருக்களித்துக் கிடந்தது. மாஸ்டர் கேட் அருகில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நேராக வையுங்கள் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். வண்டி அப்படியே கிளம்பிப் போனது. மாஸ்டர் உள்ளே வந்து, ஃப்ரிட்ஜ் சுவிட்சைப் போட்டார். கூடத்தில் அந்த மோட்டார் சத்தம் மட்டும் இருந்தது. நான் மேலே வந்து சோறு வைத்தேன், சாப்பிட்டேன், பரீட்சைத் தாள்களைத் திருத்தினேன். எல்லாம் கை தன் பாட்டுக்குச் செய்தது.

அந்த மாதமே மாஸ்டர் பின்பக்க அறைக்குப் போனார். கட்டில், ஒரு அலமாரி, அந்த முக்காலி, அலமாரி மேல் ஒரு சின்ன டேப்ரிக்கார்டர். அதில் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். பேலன்ஸ் குமிழ் என்ற பேச்சே அதில் இல்லை. "ஒத்தைப் பொட்டிங்க. வம்பில்ல" என்றார். தோசை ஓரத்தைப் பற்றியோ, கொடிக்கயிற்றைப் பற்றியோ அவர் பேசி அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அறைச் சுவரில் காலண்டர் நன்றாகவே சாய்ந்து தொங்கியது. நான் அதை நேராக்கலாமா என்று கை நீட்டிவிட்டு, பிறகு விட்டுவிட்டேன்.

அந்த வீட்டைக் காலி செய்துகொண்டு நாங்கள் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு சாயங்காலம் ரசம் கொண்டுபோனேன். மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டேப்ரிக்கார்டரில் பழைய கேசட் ஒன்று மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இடமில்லாததால் நான் வாசப்படியிலேயே நின்றேன்.

"ஏனுங்க டீச்சர், அங்க பாட்டு கேக்குதுங்களா?"

"சரியாக் கேக்குதுங்க மாஸ்டர்" என்றேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. தெருவில் ஏதோ லாரி போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பாட்டு அரைகுறையாகத்தான் கேட்டது.

மாஸ்டர் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். வாசப்படிக்கு வந்தார். என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு, நான் நின்ற அதே இடத்தில் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு உள்ளே போய்ச் சத்தத்தைக் கூட்டினார். கூட்டிவிட்டு, மறுபடியும் வாசப்படிக்கு வந்து நின்றார்.